பிட்ஸ்பர்க்கில் சேர்ந்திருக்கும் மழலை

விமான நிலையத்திலிருந்து காரில் வருகிறவருக்கு பிட்ஸ்பர்க் நகரம் கடைசி நொடி வரைக்கும் கண்ணில் படாது. காடும் மேடுமாக ஓடும் சாலை ஒரு மலைக்குள் நுழைகிறது. ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை முடிகிற இடத்திலேயே பாலம் தொடங்குகிறது. கீழே மொனாங்கஹேலா ஆறு. இடது கைப்பக்கம் அது அலெகேனியோடு கூடி ஒஹாயோ ஆறாகும் முனை. எதிரே உயரக் கட்டடங்கள். அவற்றில் மிக உயரமானது எஃகுக் கம்பெனியின் பெயரில் எழுந்த 64 மாடிக் கட்டடம். அதன் உச்சியில் இன்று தெரிவது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் எழுத்துகள். உலைகள் அணைந்த பிறகு இந்த ஊர் மருத்துவத்தையும் பல்கலைக்கழகங்களையும் பிடித்துக்கொண்டு எழுந்தது.

வண்டியை ஓட்டியவர் மதுரைக்காரப் பெண். பிட்ஸ்பர்க்கில் குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி தருபவர். என் தோழி ஒருத்தியின் தங்கை என்பதால் என்னை அக்கா என்பார்; எனக்கு அவரும் தோழிதான். நம் ஊர்ப் பயிற்சி மையங்களின் வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய்மாரோடு நிறையப் பேசியவள் நான். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இது தாமதமா, குறைபாடா? இரண்டு வயதில் சில சொற்கள் மட்டும் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். சிலர் தேறுவதில்லை. அந்தச் சிலரை முன்கூட்டியே அடையாளம் காணக் கணினி எவ்வளவு தூரம் உதவும் என்று அறியத்தான் இந்த ஊருக்கு வந்தேன். உலகின் பல மொழிகளில் குழந்தைகள் பேசிய பேச்சைச் சொல் சொல்லாக எழுதிச் சேர்த்திருக்கும் களஞ்சியம் இங்கே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் பெயர் சைல்டெஸ்.

போய்ப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. பேக்கர் ஹால் என்ற பழைய கட்டடம், தரை சரிந்துகொண்டே போகும் அதன் நீண்ட நடைபாதை, இருபுறமும் கதவுகள். களஞ்சியம் இருப்பது கணினிகளுக்குள். குழந்தை மொழி ஆய்வாளர்கள் சிலர் 1983இல் கூடி அதைப் பற்றிப் பேசினார்கள். மறு ஆண்டு மெக்கார்தர் அறக்கட்டளையின் பணத்தில் பிரையன் மெக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் வேலையை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு ஆய்வாளரும் தாம் பதிவுசெய்ததைத் தம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் 1962 முதல் ஆடம், ஈவ், சாரா என்ற புனைபெயர்களில் மூன்று பிள்ளைகளைத் தொடர்ந்து பதிவுசெய்தார். குழந்தை மொழி ஆய்வுக்கே அடித்தளமான அந்தப் பேச்சு, தட்டச்சுத் தாள்களாகவும் அவற்றின் மங்கலான நகல்களாகவும் கைமாறிக்கொண்டிருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, எவரும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைத்ததே முதல் பெரிய காரியம். அடுத்தது, எல்லோரும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற விதி. மூன்றாவது, அப்படி எழுதியதை எண்ணித் தரும் மென்பொருள். கிளான் என்ற அந்த மென்பொருளை எழுதியவர் லியோனிட் ஸ்பெக்டர். காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க கார்னகி நூலகத்துக்குப் போனோம். 1895இல் திறந்த கட்டடம். மக்களுக்கு இலவசம் என்று வாசலின் மேல் செதுக்கியிருக்கிறார்கள். ஒட்டியிருக்கும் அருங்காட்சியகத்தின் டைனோசரைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்மிடம் பயிற்சிக்கு வரும் எந்தப் பிள்ளையின் பதிவையும் வெளியே எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார் என் தோழி. அதனால் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஈவின் பேச்சையே மடிக்கணினியில் எடுத்தார்.

வரிக்கு வரி யார் பேசினார்கள் என்ற குறி. பிள்ளைக்கு ஒரு மூன்றெழுத்து, அம்மாவுக்கு ஒரு மூன்றெழுத்து. புரியாத இடத்தில் குறுக்குக் கோடுகள் போன்ற மூன்று எழுத்து. பிள்ளை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மாற்றிச் சொன்னால் அதற்குத் தனி அடையாளம். ஒவ்வொரு பேச்சு வரிக்கும் அடியில் மென்பொருள் தானே இன்னொரு வரி சேர்க்கிறது: இது பெயர், இது வினை, இது பன்மை விகுதி, இது இறந்தகாலம். அதன் பிறகு ஒரு கட்டளை கொடுத்தால் அட்டவணை வந்துவிடுகிறது. எத்தனை கூற்றுகள், எத்தனை வேறு வேறு சொற்கள், ஒரு கூற்றுக்குச் சராசரியாக எத்தனை உருபன்கள், பிரவுன் பட்டியலிட்ட 14 இலக்கண உருபுகளில் எவை வந்தன, எவை வரவில்லை. பக்கத்திலேயே அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியும் இருக்கிறது. அந்தச் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் தள்ளியிருந்தால் எண்ணுக்கு ஒரு நட்சத்திரம், இரண்டு விலக்கம் என்றால் இரண்டு நட்சத்திரம்.

“ரெண்டு நட்சத்திரம் வந்தா குறைபாடுன்னு அர்த்தமா?” என்றேன்.

“இல்லக்கா. அந்த இடத்தைத் திரும்பப் பாருன்னு அர்த்தம். முதல்ல காது கேக்குதான்னு பாக்கணும். அப்புறம் எப்படி விளையாடுறான், சொன்னதைப் புரிஞ்சுக்கிறானா, வீட்ல என்ன பேசுறாங்க, எல்லாம் பாக்கணும். இதை நான் கையால எண்ணினா ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் போயிடும். எண்ணுற வேலையை இது எடுத்துக்குது. அந்த நேரத்துல நான் பிள்ளையோட உக்காரலாம்.”

அங்கன்வாடியில் பிள்ளையின் எடையைக் குறிக்கும் அட்டை எனக்கு நினைவு வந்தது. கோடு கீழே இறங்கிவிட்டது என்று அட்டை காட்டும். என்ன சாப்பிட்டான், வயிற்றில் பூச்சியா, வீட்டில் யாருக்காவது காசநோயா என்பதையெல்லாம் ஆயம்மாவும் செவிலியரும்தான் கேட்டாக வேண்டும். அதற்காக அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அட்டை இல்லாத காலத்தில் மெலிந்த பிள்ளைகள் எத்தனை பேர் கண்ணில் படாமலே போனார்கள்.

மொழிக் குறைபாடும் அப்படிக் கண்ணில் படாமல் போகிறது. அயோவா மாநிலத்தில் புரூஸ் டாம்ப்ளின் குழுவினர் 7,218 பாலர் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். காதும் பொது அறிவுத்திறனும் சரியாக இருந்தும் மொழி மட்டும் பின்தங்கியவர்கள் 7.4 சதவீதம். முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள். அவர்களின் பெற்றோரில் 29 சதவீதம் பேருக்குத்தான் அப்படி ஒரு சிக்கல் இருப்பதாக யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் மந்தம், கவனமில்லை, பிடிவாதம் என்ற பெயர்களோடு வகுப்பின் கடைசி வரிசையில் இருந்திருப்பார்கள். இதற்கு மருத்துவப் பெயரே நீண்டகாலம் ஒன்றாக இருக்கவில்லை. டோரதி பிஷப் முன்னின்று பல நாட்டு வல்லுநர்களைக் கலந்துபேச வைத்து, 2017இல்தான் மொழி வளர்ச்சிக் குறைபாடு என்ற பெயரில் உடன்பாடு வந்தது.

நூலகத்திலிருந்து நடந்தால் நாற்பத்திரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கல்விக் கோபுரம். இந்த ஊருக்கும் குழந்தைகளின் பேச்சை எண்ணுவதற்கும் இன்னொரு உறவு உண்டு என்று சொல்லி என் தோழி அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்தவற்றில் பெரிதாகப் படுவது அவர் அங்கே சொன்ன கதைதான்.

சளி பிடித்த பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நாட்களில் கேட்கும் திறன் கொஞ்சம் மங்கும். அதனால் பேச்சு பின்தங்கும் என்று நம்பி, செவிப்பறையில் துளையிட்டுச் சிறு குழாய் வைப்பது அமெரிக்காவில் மிகச் சாதாரணமாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை அது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் ஜாக் பாரடைஸ் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவர் குழு 6,350 கைக்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து காதைப் பார்த்து வந்தது. மூன்று வயதுக்குள் நீர் நீடித்துத் தங்கிய 429 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே குழாய். மறு பாதிக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் பொறுத்து, அப்போதும் நீர் இருந்தால் மட்டும் குழாய். மூன்று வயதில் பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிவுசெய்து எழுதினார்கள். எத்தனை வேறு வேறு சொற்கள், கூற்றின் சராசரி நீளம், மெய்யெழுத்துகளில் எத்தனை சரியாக வந்தன என்று எண்ணினார்கள். இரு பாதிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2001இல் வெளியான அந்த முடிவு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு செய்த சோதனைகளிலும் மாறவில்லை. பொறுத்திருந்து பார்க்கலாம் என்று மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லும் துணிவு அதிலிருந்து வந்தது. சொற்களை எண்ணுவது எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்: எத்தனையோ சிறு காதுகள் கத்தியிலிருந்து தப்பின.

அந்தக் குழுவில் இருந்த கிறிஸ்டின் டோலகன், தாமஸ் கேம்ப்பெல் இருவரும் 1998இல் வேறொரு சோதனையையும் தந்தார்கள். பொருளே இல்லாத 16 சொற்கள். ஓரசையில் நான்கு, ஈரசையில் நான்கு என்று நாலசை வரைக்கும். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளை சிறிய சொற்களைச் சொல்லிவிடும், அசை கூடக் கூடத் தடுமாறும். படித்த வீடு, படிக்காத வீடு, கதைப் புத்தகம் இருந்த வீடு, இல்லாத வீடு என்ற பேதம் இதில் அதிகம் வராது. இல்லாத சொல்லை எந்த வீட்டிலும் யாரும் கற்றுத் தந்திருக்க முடியாதே.

திரும்பும் வழியில் ஐந்தாம் அவென்யூவில் டபிள்யூகியூஈடி தொலைக்காட்சி நிலையத்தைக் கடந்தோம். ஃப்ரெட் ராஜர்ஸ் என்ற மனிதர் 1968 முதல் 2001 வரை நாடு முழுவதும் உள்ள குழந்தைகளோடு பேசிய நிகழ்ச்சி அங்கேதான் தயாரானது. அவர் வேகமாகப் பேசவே மாட்டார். கேள்வி கேட்டால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நேரம் விடுவார். “எங்க படிப்புல வகுப்பெடுத்துச் சொல்லித் தர்ற விஷயத்தை இவரைப் பாத்தாலே கத்துக்கலாம்” என்றார் தோழி.

ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். 1970களில் மலைச்சரிவில் எழுந்த கோயில், வெள்ளைக் கோபுரம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரையின் மணம். எங்கள் மேசைக்கு ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றார். மூன்றரை வயதுப் பேரன் மேசைக்கடியில் கார் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தான். தோழியின் தொழில் என்ன என்று தெரிந்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

“இவன் தாத்தாவே லேட்டாத்தான் பேசினாரு. எங்க ஊரு குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் வாய் திறக்கல. திருச்செந்தூர் சந்நிதியில பேச்சு வந்துது. நானும் வேண்டிக்கிட்டிருக்கேன். வசம்பும் தடவியாச்சு.”

பிள்ளையின் அம்மா தட்டோடு வந்து சேர்ந்தார். காப்பகத்து ஆசிரியை, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழியால் பிள்ளை குழம்புகிறான் என்று சொன்னாராம். சில வாரங்களாக அப்படித்தான் நடக்கிறது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டி, அவனோடு பேசாமல் இருக்கிறார்.

தோழி சாப்பிடுவதை நிறுத்தினார். “தமிழை நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி பேசுறதால இந்தக் குறைபாடு வராது. ஆராய்ச்சி தெளிவா சொல்லுது. குறைபாடு இருந்தா ரெண்டு மொழியிலயும் தெரியும்; ஒரு மொழியில மட்டும் தெரிஞ்சா அது அந்த மொழி போதுமான அளவு காதுல விழலைங்கிறதா இருக்கலாம். அதனால ரெண்டுலயும் பாத்துத்தான் முடிவு சொல்லணும். நாளைக்கே காதுச் சோதனைக்கு நேரம் கேளுங்க.” பிறகு பாட்டியிடம் திரும்பி, “பாட்டி, வேண்டுதலை விடவேண்டாம். கதை சொல்றதையும் விடாதீங்க. வசம்பை மட்டும் நாக்குல தடவவேண்டாம்” என்றார். பாட்டி தலையாட்டிவிட்டு, குனிந்து மேசைக்கடியில் பேரனைப் பெயர் சொல்லி அழைத்தார். தமிழில் அழைத்தார்.

குமரகுருபரர் கதை எனக்கும் பிடிக்கும். பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்த பெற்றோரின் தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஐந்து வயது வரை காத்திருக்க அந்தக் கதையே காரணமாகிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி. பயிற்சியை முன்கூட்டித் தொடங்கும் பிள்ளை பள்ளிக்குப் போவதற்குள் பெறும் பலத்தைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

இரண்டு மொழியிலும் பார்க்க வேண்டும் என்று தோழி சொன்னாரே, அந்த இடத்தில்தான் எங்கள் அன்றைய மாலை முழுவதும் சிக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்தப் பையனின் பேச்சை மென்பொருளில் ஏற்றலாம், ஒப்பிட எத்தனையோ பிள்ளைகள் களஞ்சியத்தில் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே கவனம் தேவைதான். பிட்ஸ்பர்க்காரர்கள் ‘நீங்கள்’ என்பதற்கு ‘யின்ஸ்’ என்பார்கள். கார் கழுவப்பட வேண்டும் என்பதற்கு ‘கார் நீட்ஸ் வாஷ்ட்’ என்று இடையில் இரண்டு சொல்லை விட்டுவிடுவார்கள். அது இந்த ஊர் வழக்கு. வேறு ஊர்ப் பிள்ளைகளின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இங்கே வளர்ந்த பிள்ளைக்குப் பிழை என்று விழும். கறுப்பினப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு இந்த அநியாயம் நீண்டகாலம் நடந்தது. அவர்கள் பேச்சுவழக்கின் இலக்கணத்தையே குறைபாடு என்று எழுதினார்கள்.

தமிழுக்கு வந்தால் எண்ணுவதே வேறு வேலை. நம் பிள்ளை ‘வந்துட்டேன்’ என்று ஒரே சொல்லைச் சொல்லும். வருவது, முடிந்தது, இறந்தகாலம், நான் என்பது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சொல்லை எண்ணினால் ஒன்று, உருபனை எண்ணினால் நான்குக்குக் குறையாது. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்கு இயல்பு, ஆகவே நன்றாகப் பேசும் தமிழ்ப் பிள்ளையும் சொல் கணக்கில் பின்தங்கியதுபோல் தெரியும். ஆங்கிலத்தில் குறைபாட்டின் அடையாளமாக ஐந்து வயதுப் பிள்ளை இறந்தகால உருபை விடுவதைப் பார்க்கிறார்கள். தமிழில் காலமும் இடமும் வினையோடு ஒட்டியே வருகின்றன, விட்டுவிட இடம் கிடையாது. எனவே வேற்றுமை உருபில் பார்ப்பதா, ‘கிட்ட’, ‘மேல’ போன்றவற்றில் பார்ப்பதா, ‘வந்த பையன்’, ‘போனா தருவேன்’ என்று வாக்கியத்தை வாக்கியத்துக்குள் வைக்கும் இடத்தில் பார்ப்பதா என்று நம் பிள்ளைகளின் பேச்சிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பேச்சும் ஒன்றா? நெல்லைப் பிள்ளை ‘அவிய வந்தாவ’ என்னும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘அவை வந்தவை’ என்னும். இரண்டும் நல்ல தமிழ்.

களஞ்சியத்தின் பட்டியலில் தமிழ் என்ற பெயரைத் தேடினேன். இருந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையை ஒன்பதாவது மாதத்திலிருந்து 33ஆவது மாதம் வரை பதிவுசெய்தது. நரசிம்மன் யார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1960இல் இயங்கத் தொடங்கிய, இந்தியாவிலேயே உருவான முதல் பொதுப்பயன் கணினி டிஃப்ராக்கை வடிவமைத்த குழுவின் தலைவர். கணினியைக் கட்டியவர், மனிதக் குழந்தை பேசக் கற்பது எப்படி என்பதில் ஆழ்ந்துபோய், ஒரு குழந்தையின் மழலையைப் பொறுமையாக எழுதி உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். பிட்ஸ்பர்க்கில் ஒரு நூலக மேசையில் அதைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. அம்மா கேட்கிறாள், பிள்ளை பதில் சொல்கிறது, நம் வீட்டுப் பேச்சு.

ஆனால் ஒரு குழந்தையை வைத்துச் சராசரி போட முடியாது. மென்பொருள் எவ்வளவு கூர்மையானாலும், ஒப்பிடுவதற்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சாதாரணமாகப் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் வேண்டும். இப்போது ஒலியைக் கேட்டுத் தானே எழுதும் பேட்சலைன் என்ற கருவியையும் சைல்டெஸ் குழு வெளியிட்டிருக்கிறது. பெரிய உதவிதான். ஆயினும் சிறு பிள்ளையின் உயர்ந்த குரலும் நிலைகொள்ளாத உச்சரிப்பும் இத்தகைய கருவிகளைத் தடுமாற வைக்கின்றன. இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளை பிழையாகச் சொன்னதை அவை திருத்தி எழுதிவிடக்கூடும். பெரியவர்களின் பேச்சையும் செய்தி வாசிப்பையும் கேட்டுப் பழகியவை அல்லவா? பயிற்சியாளருக்கு வேண்டியது அந்தப் பிழைதான். ஆகவே காதால் கேட்டு, வாயிலிருந்து வந்தபடியே எழுதும் ஆட்கள் தேவை. தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் நம் கல்லூரி தோறும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகங்கள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு தோழியின் சமையலறை மேசையில் தாள் விரித்து உட்கார்ந்தோம். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மதுரை, நெல்லை, கோவை, சென்னை என்று கட்டங்கள். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம், அம்மாவோடோ பாட்டியோடோ வீட்டிலேயே, அவர்கள் வழக்கமாகப் பேசுகிறபடி. பெற்றோருக்கான ஒப்புதல் படிவத்தை எழுத்துத் தமிழில் எழுதியிருந்தேன். பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டவும் ஒரு பிரதி வேண்டும் என்றார். பிள்ளையின் உண்மைப் பெயரைப் பதிவிலிருந்து நீக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டோம். நெல்லைப் பால்வாடிகளை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

“பதிவு எடுக்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு” என்று தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு பத்தியைக் கோடு போட்டார். “காதுச் சோதனை எப்ப நடந்துச்சுன்னு இதுல தேதி போடணும். தேதி இல்லாத பிள்ளையை எடுக்காதீங்கக்கா, முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.”